ரத்தக் கொதிப்புக்குப் பழ விதை மருந்தாகுமா?

வெயில் காலம் வந்துவிட்டால் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் சாலை ஓரமெல்லாம் தர்ப்பூசணிக் குவியல்தான். தமிழர்கள் அதைத் தர்ப்பூசணி என்கிறார்கள். தெலுங்கர்கள் புச்சகாய என்கிறார்கள். பெயர் எதுவானாலும், வெட்டித் தின்றுவிட்டு விதையைத் துப்புவதுதான் வழக்கம். ஆனால் அந்த விதையைத் துப்பாமல் கழுவிக் காயவைத்து டப்பாவில் போட்டு வைப்பவர்களும் உண்டு. காரணம் கேட்டால், "பி.பி.க்கு நல்லதாம்" என்று பதில் வரும்.

வெதுருகுப்பம், கார்வேட்டிநகரம், பெனுமூரு, புத்தூர் என்று தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர்கள் இவை. வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். மாந்தோப்பும் கரும்பும் நிலக்கடலையும் விளையும் பூமி. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு, பெரிய வியாதி என்றால் வேலூர் ஆஸ்பத்திரி என்று இரண்டையும் நம்பிப் பழகிய மக்கள். ஆகவே கை வைத்தியம் என்றால் முகம் சுளிப்பவர்கள் இங்கே குறைவு. அதில் தவறும் இல்லை.

தர்ப்பூசணி விதையையும் கசகசாவையும் சம எடை எடுத்துப் பொடித்து, காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி தின்றால் ரத்தக் கொதிப்பு தணியும் என்பது வட இந்தியாவிலும் பரவலாகச் சொல்லப்படும் வைத்தியம். விதையை நசுக்கி வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பது இன்னொரு முறை. இவற்றோடு நாவல் கொட்டை, பப்பாளி விதை, திராட்சை விதை, மாங்கொட்டைப் பருப்பு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

இவற்றில் உண்மை எவ்வளவு? எந்த விதை நல்லது, எது வெறும் நம்பிக்கை, எது ஆபத்து? மாத்திரைக்குப் பதிலாக விதை தின்றால் போதுமா? ரத்தக் கொதிப்பு உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்விகள் எழுகின்றன. பதில் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். ஏனெனில் தவறான பதிலுக்குக் கொடுக்கும் விலை சில வேளைகளில் உயிராகவே இருக்கிறது.

சத்தம் போடாத நோய்

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ரத்தம் குழாய்ச் சுவர்களை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தை அளக்கலாம் என்று முதலில் காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு குதிரையின் ரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். அந்தச் சோதனையை அவர் நூலாக வெளியிட்டது 1733ஆம் ஆண்டில்.

மனிதரிடம் இப்படிச் செய்ய முடியாதல்லவா? கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து அளக்கும் கருவியை இத்தாலிய டாக்டர் ரீவா ரோச்சி 1896இல் அமைத்தார். பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒலியைக் கேட்கும் முறையை ரஷ்ய டாக்டர் கொரோட்காவ் 1905இல் சொன்னார். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா கையில் பட்டை சுற்றி அளப்பது இந்த இருவரும் தந்த முறையில்தான்.

மேல் எண் 140, கீழ் எண் 90. இந்த இரண்டில் எதையாவது எட்டினாலும் தாண்டினாலும், அதுவும் வெவ்வேறு நாட்களில் அளந்து பார்த்தும் அப்படியே இருந்தால், அது ரத்தக் கொதிப்பு. பெயரில் கொதிப்பு இருக்கிறதே தவிர, பெரும்பாலோருக்கு உடம்பில் கொதிப்பும் இருக்காது, வலியும் இருக்காது. தலை சுற்றினால்தான் பி.பி., கோபம் வந்தால்தான் பி.பி. என்று நினைப்பது தவறு. ஒன்றுமே தெரியாமல் பத்து வருடம் உள்ளுக்குள் வேலை செய்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ வெளியே வரும் நோய் இது.

இளைத்த உடம்புக்கு வராது என்பதும் சரியல்ல. காந்தியடிகளின் உடல்நலக் குறிப்புகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2019இல் வெளியிட்டது. 1940 பிப்ரவரியில் அவருடைய ரத்த அழுத்தம் 220க்கு 110 என்று அதில் பதிவாகியிருக்கிறது. காய்கறி உணவு, தினம் நடை, ஐம்பது கிலோவுக்கும் குறைந்த எடை என்று வாழ்ந்தவருக்கே அந்த அளவு.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12ஆம் தேதி மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். உலகின் பலம் வாய்ந்த நாட்டின் தலைவர் அவர். ஆனால் அவருடைய ரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்த நல்ல மருந்து ஒன்றுகூட அன்று டாக்டர்கள் கையில் இல்லை. இன்று ஒரு சாதாரணக் கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கும் மாத்திரை அன்று அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் ரத்தக் கொதிப்பு இருப்பதாக 2023இல் வெளிவந்த ஒரு பெரிய தேசிய ஆய்வு கூறுகிறது. அதாவது மூன்று பேரில் ஒருவர். இவர்களில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

தர்ப்பூசணி விதைக்குள் என்ன?

தர்ப்பூசணி விதை சத்துள்ள பொருள்தான். இதில் சந்தேகம் இல்லை. தோல் நீக்கிக் காயவைத்த பருப்பு 100 கிராம் எடுத்துக்கொண்டால் அதில் ஏறக்குறைய 28 கிராம் புரதம், 47 கிராம் கொழுப்பு இருக்கிறது. மக்னீசியம் என்ற உலோகச் சத்து சுமார் 500 மில்லி கிராம். மிட்டாய்க் கடைகளில் இனிப்பின் மேல் தூவும் வெள்ளை விதைகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம்.

மக்னீசியம் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் தன்மை உடையது. அப்படியானால் விதை வேலை செய்யும் என்றுதானே அர்த்தம் என்று கேட்கலாம். இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மக்னீசியம் பற்றி நடந்த பல சோதனைகளைத் தொகுத்து 2016இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. தினம் 368 மில்லி கிராம் வீதம் மூன்று மாதம் சாப்பிட்டவர்களுக்கு மேல் எண் இறங்கியது சராசரியாக 2 புள்ளி மட்டுமே. 160 இருந்தவருக்கு 158 ஆகும். அவ்வளவுதான்.

அந்த 368 மில்லி கிராமை விதையிலிருந்தே பெற வேண்டுமானால் தினம் 70 கிராமுக்கு மேல் பருப்பு தின்ன வேண்டும். அதில் 400 கலோரி இருக்கிறது. அன்றாடச் சாப்பாட்டுக்கு மேலே இதைத் தின்றால் உடம்பு பெருக்கும். உடம்பு பெருத்தால் ரத்தக் கொதிப்பு ஏறும். ஒரு தேக்கரண்டிப் பொடியில் கிடைப்பதோ இருபது, இருபத்தைந்து மில்லி கிராம்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. தர்ப்பூசணியின் சதையிலும், நாம் ஆட்டுக்குப் போடும் வெள்ளைப் பட்டையிலும் சிட்ரலின் என்ற பொருள் இருக்கிறது. உடம்பு அதை மாற்றி, கடைசியில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை ரத்தக் குழாய்ச் சுவரில் உண்டாக்குகிறது. அந்த வாயு குழாயை விரிக்கிறது. இந்த உண்மையைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. தர்ப்பூசணிச் சாற்றைச் செறிவாக்கிக் கொடுத்துச் சிறு சிறு சோதனைகள் அமெரிக்காவில் நடந்திருக்கின்றன. அழுத்தம் கொஞ்சம் இறங்கியதும் உண்மை. ஆனால் சோதனைக்கு உட்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க சிலரே. மேலும் அந்தச் சோதனைகளில் கொடுத்தது பழத்தின் சாறு. விதைப் பொடி அல்ல.

பின் ஏன் குறைகிறது?

"எனக்குக் குறைந்ததே!" என்று சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அளவு குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குறைத்தது விதைதானா என்பதே கேள்வி.

ரத்த அழுத்தம் ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கும். காலையில் ஒன்று, தூக்கத்தில் ஒன்று. மாடி ஏறி வந்த மூச்சோடு அளந்தால் ஒன்று, பத்து நிமிடம் உட்கார்ந்து அளந்தால் ஒன்று. டாக்டரைப் பார்த்ததும் பயத்தில் ஏறி, வீட்டுக்கு வந்ததும் இறங்குபவர்களும் உண்டு. மிக அதிகமாக இருந்த நாளில் வைத்தியம் தொடங்கினால், அடுத்த முறை அளக்கும்போது தானாகவே கொஞ்சம் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். பெயர் விதைக்குப் போய்ச் சேருகிறது.

மேலும் விதைப் பொடி தின்னத் தொடங்கும் ஆள் அதை மட்டுமா செய்கிறார்? பி.பி. வந்துவிட்டதே என்ற பயத்தில் ஊறுகாயை ஒதுக்குகிறார். பீடியைக் குறைக்கிறார். சீக்கிரம் படுக்கிறார். இவை ஒவ்வொன்றும் அழுத்தத்தைக் குறைக்கக் கூடியவை. பலர் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் விதைப் பொடியுமாகத்தான் இருக்கிறார்கள். குறைந்ததும் மாத்திரையை மறந்து விதையைப் புகழ்கிறார்கள்.

வேரில் பிறந்த மாத்திரை

அப்படியானால் நம் முன்னோர் சொன்ன மூலிகை எல்லாம் வீணா என்று கேட்க வேண்டாம். ரத்தக் கொதிப்புக்கு உலகம் முழுவதும் பயன்பட்ட முதல் மாத்திரைகளில் ஒன்று நம் நாட்டு மூலிகையிலிருந்துதான் வந்தது. ஆனால் அது விதை அல்ல, வேர். சர்ப்பகந்தா என்பது அதன் பெயர்.

பாம்புக்கடிக்கும் பித்துப் பிடித்தவர்களுக்கும் இந்த வேரைக் கொடுப்பது நாட்டு வழக்கம். கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, மனநோயோடு ரத்தக் கொதிப்பும் தணிகிறது என்று 1931இல் எழுதினார்கள். அதே ஆண்டில் டாக்டர் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து சில பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றில் ஒன்றுக்குத் தம் ஆசானான ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார்.

பம்பாயில் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் இதைச் சோதித்து, மாதக் கணக்கில் அளவு எடுத்துக் குறித்துவைத்து, 1949இல் இங்கிலாந்தின் இதயநோய் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி விஞ்ஞானிகள் வேரிலுள்ள முக்கிய மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து ரிசர்பின் என்று பெயரிட்டார்கள். மாத்திரை வந்தது. கோடிக்கணக்கானோர் விழுங்கினார்கள்.

கதை இத்தோடு முடியவில்லை. ரிசர்பின் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்தது. மூக்கடைப்பும் சோம்பலும் வந்தன. அதைவிடப் பாதுகாப்பான மாத்திரைகள் வந்தபிறகு டாக்டர்கள் அதை எழுதிக் கொடுப்பது அரிதாகிவிட்டது.

இந்த வரலாறு சொல்வது என்ன? நாட்டு மருந்தில் உண்மையான சக்தி இருந்தால் அது சோதனையில் தப்பாமல் வெளிப்படும். எவ்வளவு கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது, என்ன கெடுதல் வரும் என்பதும் சோதனையில்தான் தெரியவரும். சர்ப்பகந்தா அந்தத் தேர்வை எழுதித் தேறியது. தர்ப்பூசணி விதை இன்னும் அந்தத் தேர்வில் தேறவில்லை.

மற்ற விதைகள்

திராட்சை விதைச் சாற்றைச் செறிவாக்கி மாத்திரையாகத் தயாரித்துக் கொடுத்த சோதனைகளில் அழுத்தம் சிறிதளவு குறைந்ததாகத் தெரிகிறது. ஆனால் அந்தச் சோதனைகளும் சிறியவை. திராட்சையைத் தின்னும்போது நாலு விதையை மென்று விழுங்குவதற்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை.

விதைகளுக்குள் ஓரளவு நல்ல சாட்சி கிடைத்திருப்பது ஆளி விதைக்கு. தெலுங்கில் அவிசெ என்பார்கள். இது பழ விதை அல்ல, எண்ணெய் வித்து. கனடாவில் கால் ரத்தக் குழாய் அடைப்பு உள்ள 110 பேரிடம் சோதனை நடத்தி 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 30 கிராம் அரைத்த ஆளி விதையை ஆறு மாதம் உணவில் சேர்த்துத் தின்றவர்களுக்கு, மற்றவர்களைவிட மேல் எண் சுமார் 10 புள்ளி குறைந்திருந்தது. அவர்களும் தங்கள் வழக்கமான மாத்திரையை நிறுத்திவிட்டு விதை தின்னவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

நாவல் கொட்டை சர்க்கரை நோய்க்குச் சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் வழங்குவது. ரத்தக் கொதிப்புக்கு அல்ல. இரண்டு நோயும் ஒருவருக்கே இருப்பது சகஜமாகிவிட்டதால் ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்கும் தின்கிறார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதையும் சேர்த்து உண்பது நல்லதல்ல.

எச்சரிக்கை வேண்டிய விதைகள்

"இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும்?" என்பது பலரது எண்ணம். அரளி விதையும் எட்டிக் கொட்டையும்கூட இயற்கைப் பொருள்கள்தாம். பழம் இனிப்பதால் அதன் விதையும் நல்லதாகவே இருக்கும் என்று எண்ணக்கூடாது. பழத்தை விலங்கும் பறவையும் தின்ன வேண்டும், விதை மட்டும் தப்ப வேண்டும் என்பதற்காகவே பல மரங்கள் சதையில் இனிப்பையும் விதையில் நஞ்சையும் வைத்திருக்கின்றன.

சித்தூர் வட்டாரத்துக் குன்றுகளில் விளையும் சீதாப்பழத்தையே எடுத்துக்கொள்ளலாம். பழம் தேன் போல இருக்கும். விதைப்பொடியோ பேன் கொல்ல உதவும் அளவுக்குக் கடுமையானது. தலைக்குத் தேய்க்கும்போது கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பலர். அதை எந்த நோய்க்கும் உள்ளுக்குச் சாப்பிடுவது கூடவே கூடாது.

ஆப்பிள், பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட் ஆகியவற்றின் விதையில் அமிக்டலின் என்ற பொருள் உண்டு. மென்றால் வயிற்றில் அது சயனைடாக மாறும். ஆப்பிள் விதை ஒன்றிரண்டை முழுதாக விழுங்கிவிட்டால் பயமில்லை. பொடித்துத் தின்பது வேறு. ஆப்ரிகாட் பருப்பில் பெரியவர் ஒரே வேளையில் மூன்றுக்கு மேல் தின்பது பாதுகாப்பு எல்லையைத் தாண்டக்கூடும், குழந்தைக்கு ஒன்றே அதிகம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016இல் எச்சரித்தது.

மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகள் நிறைந்த சித்தூர் வட்டாரத்தில் மாங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. அதன் பருப்பில் மாவுச்சத்தும் கொழுப்பும் உண்டு. தொழிற்சாலையில் முறைப்படி எடுத்த மாங்கொட்டைக் கொழுப்பு சாக்லேட் செய்யவும் பயன்படுகிறது. ஆனால் வீட்டு மூலையில் ஈரத்தோடு கிடந்து பூஞ்சை பிடித்த பருப்பு விஷம். 2001இல் ஒடிசா மாநிலம் காசிபூர் பகுதியில் மாங்கொட்டைக் கஞ்சி குடித்த பழங்குடி மக்கள் பலர் இறந்தார்கள். பட்டினியா, கெட்டுப்போன பருப்பா என்று அப்போது பெரிய சர்ச்சை எழுந்தது. எந்த விதையானாலும் பூஞ்சை வாடை வந்தால் வெளியே எறிவதே நல்லது.

பலன் பழத்தில் இருக்கிறது

விதையைத் தேடி அலைபவர்கள் கையில் இருக்கும் பழத்தை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்காவில் 459 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து எட்டு வாரம் வெவ்வேறு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால், தயிர் ஆகியவை நிறைந்த உணவு. 1997இல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான உணவு உண்டவர்களைவிட இவர்களுக்கு அழுத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் எண் 11 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு இது சமம்.

அதற்கும் முன்னால், நல்ல மருந்துகள் இல்லாத 1940களில், வால்டர் கெம்ப்னர் என்ற டாக்டர் அரிசிச் சோறும் பழமும் மட்டும் கொடுத்துக் கடுமையான ரத்தக் கொதிப்பைத் தணித்துக் காட்டினார். அரிசி உண்ணும் தமிழர்களும் தெலுங்கர்களும் இதைக் கேட்டு மகிழலாம். ஆனால் அந்தச் சோற்றில் உப்பு இல்லை, குழம்பு இல்லை, ஊறுகாயும் இல்லை. வேலை செய்தது பெரும்பாலும் அந்த 'இல்லை'தான்.

வாழைப்பழம், கொய்யா, பப்பாளி, சாத்துக்குடி என்று இங்கே விளையும் பழங்களில் பொட்டாசியம் என்ற சத்து உண்டு. உடம்பிலுள்ள கூடுதல் உப்பை வெளியேற்ற அது உதவுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும் சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவோடு உண்ண வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அளவு முக்கியம்.

ஊறுகாய் ஜாடியில் ஒளிந்திருக்கும் எதிரி

ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டி. நம் வீடுகளில் சராசரியாக அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு போகிறது. ஆவக்காய், கோங்குரா, எலுமிச்சை ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மோர் மிளகாய் என்று ஆந்திரத் தமிழர் இலையில் உப்புக்கு வழி பல.

ஊறுகாயே தொடக் கூடாது என்று சொன்னால் நடக்கிற காரியமல்ல. தினமும் மூன்று வேளை என்பதை வாரத்தில் இரண்டு நாள் என்று ஆக்கலாம். சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை விட்டுவிடலாம். இலையில் தனியாக உப்பு வைக்கும் பழக்கத்தை நிறுத்தலாம். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

உப்பின் வலிமைக்கு ஒரு சான்று சீனாவிலிருந்து வந்திருக்கிறது. 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேர். பாதிக் கிராமங்களுக்கு, கால் பங்கு பொட்டாசியம் உப்புக் கலந்த சமையல் உப்பைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான உப்பு. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் கவனித்து 2021இல் வெளியிட்ட முடிவின்படி, மாற்று உப்பு சாப்பிட்ட ஊர்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. இந்த மாற்று உப்பும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது.

மாத்திரையை நிறுத்தலாமா?

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து விதையில் இல்லை. விதையை நம்பி மாத்திரையை நிறுத்துவதில் இருக்கிறது.

மாத்திரை சாப்பிட்டு அளவு 130க்கு வந்துவிட்டால், "நோய் போய்விட்டது, இனி எதற்கு?" என்று நிறுத்துகிறார்கள். நோய் போகவில்லை. கட்டி வைத்த மாடு போல அடங்கியிருக்கிறது. கயிற்றை அவிழ்த்தால் மறுபடி ஓடும். சில வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்னைவிட மேலே தாவும். நிறுத்திய அன்று ஒன்றும் தெரியாது, அடுத்த வாரமும் தெரியாது. அந்த அமைதிதான் ஏமாற்றுகிறது.

"ஒருமுறை தொடங்கினால் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டுமாமே" என்ற பயத்திலேயே தொடங்காமல் இருப்பவர்களும் உண்டு. மாத்திரை அடிமையாக்குவதில்லை. நோய் நீடிப்பதால்தான் மருந்தும் நீடிக்கிறது. எடை குறைத்து, உப்புக் குறைத்து, நடந்து, புகையிலையை விட்டவர்களுக்கு டாக்டரே அளவைக் குறைத்துவிடுவதும் நடக்கிறது. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் டாக்டர்தான், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

செலவைப் பற்றிய பயமும் தேவையில்லை. ரத்தக் கொதிப்புக்கான அடிப்படை மாத்திரைகள் விலை குறைந்தவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள்.

ரத்தக் கொதிப்பைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே சட்டம் தடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் ரத்த அழுத்தமும் சேர்ந்திருக்கிறது. "ஒரே மாதத்தில் பி.பி. போய்விடும்" என்று விதைப் பொடிப் பாக்கெட்டில் அச்சிட்டிருந்தால், வாங்குபவர் சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம்.

செய்ய வேண்டியவை

முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்கு அரை மணி முன்பாகக் காப்பி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். இரண்டு முறை அளக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வறுத்த தர்ப்பூசணி விதையைப் பிடித்தால் மாலை நேரத்தில் உப்புப் போடாமல் ஒரு கைப்பிடி கொறிக்கலாம். பக்கோடாவுக்கு அது எவ்வளவோ மேல். அதை உணவாக நினைக்க வேண்டும், மருந்தாக நினைக்கக் கூடாது. எந்தக் கை வைத்தியம் செய்தாலும் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பம்ப்ளிமாஸ் போன்ற சில பழங்கள்கூட சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டிவிடும்.

வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால், அது பக்கவாதத்தின் அடையாளம். அந்த நேரத்தில் விதையும் கஷாயமும் வேண்டாம். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108க்குத் தகவல் சொல்லி, தலையை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, திருப்பதியோ சித்தூரோ வேலூரோ, எது கிட்டவோ அங்கே கொண்டுபோக வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் தரும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.